முழங்காலுக்கு மேலே

வெண்கோல் தரையை நன்றாகப் படிக்கும். படி எங்கே இறங்குகிறது, நடைபாதை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே என்பதையெல்லாம் பழகிய கைக்கு அது சொல்லிவிடும். ஆனால் அதற்குத் தெரிந்த உலகம் முழங்கால் உயரத்தோடு முடிந்துவிடுகிறது. தாழ்ந்த மரக்கிளை, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் ஏசி பெட்டி, தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும் சன்னல் கதவு, ஓரமாக நிறுத்திய லாரியின் பின்பலகை ஆகியவை கோலில் தட்டுப்படுவதில்லை. அவை தட்டுப்படுவது நெற்றியிலும் மூக்கிலும்தான். பார்வையற்றவர்களுக்கு என்ன தேவை என்று பார்வையுள்ளவர்கள் உட்கார்ந்து யோசித்தால் இந்தத் தேவை பெரும்பாலும் நினைவுக்கே வராது. 2005 வாக்கில் டெல்லி ஐ.ஐ.டி.யின் இளநிலை மாணவர்கள் சிலர், பாடத்துக்காக ஒரு செயல்திட்டம் தேடி அந்நகரத்தின் தேசியப் பார்வையற்றோர் சங்கத்துக்குப் போனார்கள். உங்களுக்கு என்ன செய்து தரட்டும் என்று கேட்டபோது கிடைத்த பதில்களில் ஒன்று இது.

அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஸ்மார்ட்கேன்’. மடக்கு வெண்கோலின் பிடியாக மாட்டிக்கொள்ளும் சிறிய கருவி. மீயொலியை முன்னால் அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தடையின் தொலைவைக் கணக்கிடும். தடை நெருங்க நெருங்கப் பிடியின் அதிர்வு மாறும். சுமார் 3 மீட்டர் வரை எட்டும். வீட்டுக்குள்ளும் நெரிசலிலும் அந்த எல்லையைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். 2014இல் அது வெளிவந்தபோது விலை ஏறக்குறைய 3,000 ரூபாய். இதே வேலையைச் செய்த மேலைநாட்டுக் கருவிகள் அப்போது பல பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தன. பிரிட்டனில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்விலிருந்து உருவான ‘அல்ட்ராகேன்’ அவற்றில் ஒன்று.

விலையைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கு விலையைவிட முக்கியமாகப் படுவது வேறு. இந்தக் கருவி எவற்றையெல்லாம் செய்ய மறுக்கிறது என்று பாருங்கள். தடையைச் சொல்ல அது பேசுவதில்லை, ‘பீப்’ என்று கத்துவதும் இல்லை. தெருவில் நடக்கும் பார்வையற்றவருக்குக் காதுதான் மிகப் பெரிய வழிகாட்டி. வண்டி வரும் திசை, சந்து திறக்கும் இடம், கடையின் இரைச்சல் எல்லாம் காது வழியாகத்தான் வருகின்றன. அந்தக் காதை ஒரு இயந்திரத்துக்கு வாடகைக்கு விட யாரும் தயாராக இல்லை. ஆகவே அதிர்வு. அடுத்து, அது வெண்கோலை ஒழிக்க முயலவில்லை. பேட்டரி தீர்ந்தாலும் கையில் கோல் இருக்கும். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நடையைத் தொடரலாம். பொறியாளர்களை மட்டும் விட்டிருந்தால் கோலுக்குப் பதிலாகக் கண்ணாடியோ தொப்பியோ இடுப்புப்பட்டையோ செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். உலகெங்கும் பொறியியல் கல்லூரிகளின் கண்காட்சி மேசைகளில் அப்படிப்பட்ட தொப்பிகள் நிறைய உண்டு. அவை தெருவுக்கு வந்ததில்லை.

ஸ்மார்ட்கேனுக்குப் பின்னால் நான்கு தரப்புகள் இருந்தன. முதலாவது, டெல்லி ஐ.ஐ.டி.யின் ‘அசிஸ்டெக்’ ஆய்வகம். கணினியியல் பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணனும் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் பி.வி.எம்.ராவும் அதை நடத்தினார்கள். மாணவராக நுழைந்த ரோகன் பால் பட்டம் பெற்ற பிறகும் திட்டத்தை விடவில்லை. இரண்டாவது, ‘சக்ஷம்’ அறக்கட்டளை. அதன் நிறுவனர்களில் ஒருவரான தீபேந்திர மனோசா தாமே பார்வையற்றவர், பார்வையற்றோருக்கான ஒலிநூல்களை உலகளவில் முறைப்படுத்திய ‘டெய்சி’ கூட்டமைப்பிலும் பணியாற்றியவர். மூன்றாவது, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். நான்காவது, பணம் தந்த பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட்.

ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் அடிப்படைத் தொழில் பச்சிளங்குழந்தைகளுக்கான கருவிகள்: குறைமாதக் குழந்தைக்கான இன்குபேட்டர், உடல்சூட்டைக் காக்கும் வார்மர், மஞ்சள்காமாலைக்கு நீலவொளி விளக்கு. இன்குபேட்டர் செய்பவருக்கு வெண்கோலில் என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் இரண்டும் ஒரே வகைத் தொழில். எண்ணிக்கை குறைவு, வாங்குவோரிடம் பணம் குறைவு, பிழைக்கு இடம் அறவே இல்லை. செல்பேசி செய்யும் ஆலைக்கு மாதம் சில ஆயிரம் கோல்கள் என்பது கணக்கிலேயே சேராது. பட்டறைக்காரருக்கோ உணரியும் மின்சுற்றும் தரச்சான்றும் பழக்கமில்லை. நடுவில் இருக்கும் இப்படிப்பட்ட நிறுவனங்கள்தான் உதவிக் கருவிகளுக்குப் பொருந்துகின்றன. நம் நாட்டில் அவை மிகச் சில. சென்னை ஐ.ஐ.டி.யின் நிமிர்ந்து நிற்கும் சக்கர நாற்காலியைச் செய்ததும் இதே நிறுவனம்தான், பணம் தந்ததும் இதே வெல்கம்தான் என்பதைத் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. நாட்டின் இரு மூலைகளில் இருக்கும் இரண்டு ஆய்வகங்கள் ஒரே வாசலில் வந்து நிற்க வேண்டியிருந்தது என்றால், வேறு வாசல்கள் அதிகம் திறந்திருக்கவில்லை என்றுதான் பொருள்.

மாணவர் செயல்திட்டமாகத் தொடங்கியது கடைக்கு வர ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. வேலை செய்யும் ஒரு முன்மாதிரியை ஆய்வகத்தில் உருவாக்க ஓரிரு ஆண்டுகள் போதும். மீதிக் காலம் முழுவதும் வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பூட்டும் வேலைகளுக்குப் போயிற்று. பிடி எல்லார் கைக்கும் அடங்க வேண்டும். வெண்கோலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கிறார்கள், எப்படிப் பிடித்தாலும் உணரி நேராகப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்கான அச்சை ஒருமுறை வார்த்துவிட்டால் மாற்றுவதற்கு லட்சங்கள் ஆகும். ஆகவே வார்ப்பதற்கு முன்பே பல ஊர்களில் பலர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பேராசிரியருக்கு இந்த வேலைகளால் ஆய்விதழ்க் கட்டுரை கிடைக்காது, மாணவருக்கு முனைவர் பட்டமும் கிடைக்காது. பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு முறையில் இந்த ஆண்டுகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அதனால்தான் பெரும்பாலான கருவிகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

சக்ஷத்தின் பங்கு கருவி முடிந்த பிறகுதான் பெரிதாயிற்று. பயிற்சி இல்லாமல் ஸ்மார்ட்கேனைக் கையில் கொடுத்தால் அது வெறுமனே நடுங்கும் குச்சி. எந்த அதிர்வு எந்தத் தொலைவைச் சொல்கிறது, கூட்டத்தில் எல்லையை எப்போது குறைக்க வேண்டும், முதலில் வெண்கோல் நடையே பழகாதவருக்கு இதைக் கொடுக்கலாமா என்பவற்றையெல்லாம் பயிற்சியாளர்கள் சொல்லித்தர வேண்டும். சக்ஷம் பயிற்சிப் பாடங்களை உருவாக்கியது. நாடெங்கும் உள்ள பார்வையற்றோர் அமைப்புகள் வழியாகக் கருவியையும் பயிற்சியையும் சேர்த்தே கொண்டுபோனது. கடை வழியாக விற்றிருந்தால் இது நடந்திருக்காது. 2019இல் இதே கூட்டணி ‘டாட்புக்’ என்ற பிரெயில் மடிக்கணினியையும் கொண்டுவந்தது. அப்போது கிரிட்டிகல் சொல்யூஷன்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. பிரெயில் புள்ளிகள் தாமே எழுந்து தாழும் தகடு மேலைச் சந்தையில் லட்சக்கணக்கில் விற்கும் பொருள். முதல் கருவியில் பழகிய உறவு இல்லாமல் இரண்டாவதைத் தொடங்கியிருக்கவே முடியாது.

இங்கே என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழில்துறை, பல்கலைக்கழகம், மாற்றுத்திறனாளி அமைப்பு என்று மூன்று பேர் கைகோத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் வழக்கமாக மூன்றாமவரைக் கடைசியில் கூப்பிடுகிறார்கள். கருவி தயாரான பின் ‘களச்சோதனை’க்கு இருபது பேரை அனுப்பச் சொல்வது, வெளியீட்டு விழாவில் ஒருவரை மேடையேற்றுவது, இவ்வளவுதான். ஆனால் மூவரில் அந்தச் சிக்கலோடு வாழ்வது அவர்கள் மட்டுமே, நிதி தீர்ந்த பிறகும் விலகிப்போக முடியாதவர்களும் அவர்கள் மட்டுமே. ஆகவே கேள்வியை அவர்கள் எழுத வேண்டும். கருவி கைக்கு வந்த பிறகு நடப்பதையும் அவர்கள் கண்காணிக்க வேண்டும். நடுவில் உள்ள பொறியியல்தான் மற்ற இருவரின் வேலை.

இது நியாயம் கேட்கும் குரல் மட்டும் அன்று. 1993இல் அமெரிக்காவில் பெட்சி பிலிப்ஸ், ஹாங்சின் சாவோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 227 மாற்றுத்திறனாளிகளிடம் கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பெற்ற கருவிகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு கைவிடப்பட்டிருந்தன. நடமாட்டத்துக்கான கருவிகள் மற்றவற்றைவிட அதிகமாகக் கைவிடப்பட்டன. முதல் ஆண்டிலும் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் கைவிடுவது கூடுதலாக இருந்தது. காரணங்களாக அவர்கள் கண்டவை நான்கு: தேர்வு செய்யும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது, கருவி சரியாக வேலை செய்யாதது, தேவை மாறிப்போனது, கருவி மிக எளிதாகக் கிடைத்தது. கடைசிக் காரணம் விநோதமாக இருக்கிறது. எளிதாகக் கிடைப்பது நல்லதுதானே? இல்லை. யாரும் அளக்காமல், கேட்காமல், ஒத்துப் பார்க்காமல் கையில் திணித்த பொருள் பரணுக்குப் போகிறது. நம் ஊரில் மைதானத்தில் பந்தல் போட்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சக்கர நாற்காலிகளை வழங்கும் முகாம்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வை விளக்க வேண்டியதில்லை.

கேள்வியை வேறு யாரோ எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 2016இல் ஒரு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை செய்து 10,000 டாலர் பரிசு பெற்றார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைகைமொழி ஆசிரியர்களும் மொழியியலாளர்களும் ஒரு திறந்த மடல் எழுதினார்கள். சைகை மொழியின் இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது, புருவத்திலும் வாயிலும் தோளிலும். கையுறைக்கு அது தெரியாது. அதைவிட அடிப்படையான குறை ஒன்றையும் காட்டினார்கள்: காதுகேளாதவர் கையுறை மாட்டிக்கொண்டு உழைக்க வேண்டும், கேட்கும் திறனுள்ளவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பதிலுக்கு அவர் பேசுவதோ காதுகேளாதவரைச் சேராது. அப்படியானால் கருவி யாருக்கு? காதுகேளாதோரை முன்பே கேட்டிருந்தால் மொழிபெயர்ப்பாளர்களும் வசன வரிகளும் வேண்டும் என்றிருப்பார்கள். அவற்றுக்குப் பரிசு கிடையாது.

நிறுவனம் விலகிப்போனால் என்ன ஆகும் என்பது ‘ஆப்டகான்’ வரலாற்றில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மின்பொறியியல் பேராசிரியர் ஜான் லின்வில்லின் மகள் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். அச்சிட்ட எழுத்தை அவளே படிக்க வேண்டும் என்று 1960களில் அவர் வடிவமைத்த கருவி அது. வலக்கையால் சிறு கேமராவை வரியின் மேல் நகர்த்தினால், இடக்கை விரலுக்கு அடியில் 144 நுண் ஊசிகள் அதிர்ந்து அந்த எழுத்தின் உருவத்தையே வரைந்து காட்டும். பிரெயிலாக மாற்றுவதில்லை, பேசுவதில்லை. அச்செழுத்தின் வளைவையே விரல் உணரும். அதனால் எந்த மொழியும், கணக்குச் சூத்திரமும், இசைக்குறிப்பும் படிக்கலாம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தின் ஜேம்ஸ் பிளிஸும் சேர்ந்து டெலிசென்சரி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1971இல் கருவி விற்பனைக்கு வந்தது. பழக நாள் பிடித்தது. பழகியவர்களில் பலருக்கு அது வேலையையும் வருமானத்தையும் தந்தது.

1996இல் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது. அச்சைப் பேச்சாக்கும் ஸ்கேனர்கள் வந்துவிட்டன, சந்தை அந்தப் பக்கம் போய்விட்டது. வணிகக் கணக்கில் பிழையில்லை. ஆனால் ஸ்கேனர் தருவது வாசகத்தை மட்டுமே. பக்கத்தின் அமைப்பையும் வரைபடத்தையும் கையெழுத்தின் சாயலையும் அது தருவதில்லை. ஆப்டகானை நம்பிப் பணிபுரிந்தவர்கள் பழைய கருவிகளைத் தேடி வாங்கி, ஒன்றைப் பிரித்து இன்னொன்றைப் பழுதுபார்த்து ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். அன்பும் அறிவும் அரசுப் பணமும் சேர்ந்து உருவான கருவிதான். ஆனால் எப்போது நிறுத்தலாம் என்ற முடிவு வந்தபோது, பயன்படுத்துபவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

ஆப்டகான் வெளிவந்த அதே பத்தாண்டில் வேறொரு கூட்டு வேறு மாதிரி நடந்தது. ரேமண்ட் கர்ஸ்வைல் 1970களின் நடுவில் எந்த எழுத்துருவையும் அடையாளம் காணும் மென்பொருளைச் செய்துவைத்துக்கொண்டு, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தேடிக்கொண்டிருந்தார். விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்த ஒரு பார்வையற்றவரோடு பேசியபோதுதான் வாசிப்பு இயந்திரம் செய்யலாம் என்று தோன்றியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்து அவர் சென்ற இடம் அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு. அது பார்வையற்றவர்களே நடத்தும் அமைப்பு, லட்சியவாதிகளின் வாக்குறுதிகளைக் கேட்டுச் சலித்த அமைப்பு. அவர்கள் பாராட்டிவிட்டு விலகவில்லை. நன்கொடை திரட்டித் தாங்களே சில இயந்திரங்களை வாங்கினார்கள். பல ஊர்களில் உறுப்பினர்களிடம் கொடுத்து, எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த வசதி இல்லாமல் உதவாது என்று நிறுவனத்துக்கு எழுதினார்கள். 1976 ஜனவரியில் இயந்திரம் கூட்டாக வெளியிடப்பட்டது. விலை பல்லாயிரம் டாலர், எடையும் பருமனும் அதற்கேற்ப. முப்பது ஆண்டுகள் கழித்து, 2006இல், கைக்கு அடங்கும் கேமராவாக அது சுருங்கியபோது அதன் பெயரிலேயே கூட்டமைப்பின் முதலெழுத்துகள் இருந்தன. வாடிக்கையாளராகவும் சோதிப்பவராகவும் இருந்தவர்கள் பங்காளியாகிவிட்டார்கள்.

நம் ஊருக்கு வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு, கருவி உருவாக்க மையம் நடமாட்டக் கருவிகளில் கவனம் செலுத்துகிறது. 2019இல் அது வெளியிட்ட ‘அரைஸ்’ நாற்காலி, உட்கார்ந்திருப்பவரே தம் கைவலிமையால் நிமிர்ந்து நிற்க உதவுவது. மோட்டார் கிடையாது, சுருள்வில் அமைப்பு உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். தண்டுவடம் பாதித்தவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தால் படுக்கைப்புண் வரும், எலும்பு வலுவிழக்கும், செரிமானமும் இரத்த ஓட்டமும் கெடும். தினமும் சிறிது நேரம் நிற்பது மருந்து போன்றது. நின்றால் அலமாரியின் மேல்தட்டுக்குக் கை எட்டும். எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசலாம் என்பதும் சின்ன விஷயமில்லை. வெளியானபோது விலை சுமார் 15,000 ரூபாய்.

அதே மையத்திலிருந்து கிளைத்த ‘நியோமோஷன்’ நிறுவனம் 2020இல் இன்னொரு வழியில் போனது. ‘நியோஃப்ளை’ நாற்காலியை அவரவர் உடல் அளவுக்குத் தைத்துத் தருகிறார்கள் என்றே சொல்லலாம்: இருக்கையின் அகலம், சாய்வின் உயரம், கால்தாங்கியின் நீளம் என்று அளவு எடுத்துச் செய்வது. அதன் முன்னால் ‘நியோபோல்ட்’ என்ற பேட்டரி வண்டியை மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் போகலாம். வெளியானபோது நாற்காலி 39,900 ரூபாய், வண்டி 55,000 ரூபாய். மாதம் பத்தாயிரம் சம்பாதிப்பவருக்கு இது எட்டாத விலைதான். ஆனால் அந்த வண்டியில் ஏறி உணவு விநியோக வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டும்.

இதே மையம் 2022இல் வெளியிட்ட ‘கதம்’ என்ற செயற்கை முழங்கால் மூட்டில் கூட்டாளியாக இருந்தது பெங்களூரின் ‘மொபிலிட்டி இந்தியா’. செயற்கைக் கால் பொருத்துபவர்களைப் பயிற்றுவிக்கும் அமைப்பு அது. மூட்டை வடிவமைப்பவருக்கு இயக்கவியல் தெரியும். வரப்பில் நடப்பவருக்கும் பேருந்தில் ஏறுபவருக்கும் எந்தக் கோணத்தில் கால் தடுக்கும் என்பது பொருத்துபவருக்குத்தான் தெரியும். பல அச்சுகள் கொண்ட மூட்டு மடங்கும்போது பாதத்துக்கும் தரைக்கும் இடைவெளி கூடுகிறது. மேடுபள்ளமான தரையில் அந்த இடைவெளிதான் ஒருவரை விழாமல் காக்கிறது.

உடல் சார்ந்த கருவிகளையே பேசிக்கொண்டிருக்கிறேன். மென்பொருளிலும் இதே கதைதான், இன்னும் தெளிவாக. கணினித் திரையைப் படித்துக்காட்டும் ‘என்விடிஏ’வை 2006இல் எழுதத் தொடங்கியவர் மைக்கேல் கர்ரன்; பின்னர் ஜேம்ஸ் டே சேர்ந்தார். இருவரும் பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள். விலை கொடுத்து வாங்கும் திரைவாசிப்பான் கணினியின் விலையையே மிஞ்சிய காலத்தில் அதை இலவசமாகவும், மூலநிரலைத் திறந்தும் கொடுத்தார்கள். மூலநிரல் திறந்திருந்ததால்தான் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தி தலைமையிலான கூட்டமைப்பு இந்திய மொழிகளுக்கு உருவாக்கிய பேச்சுக்குரல்களை அதில் இணைக்க முடிந்தது. அந்தக் கூட்டமைப்பில் சென்னையின் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியும் இருந்தது. இங்கே நிறுவனம் என்று ஒன்று இல்லாமலேயே மற்ற இருவரும் வெகுதூரம் போனார்கள். பேச்சு வராத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேசும் ‘ஆவாஸ்’ செயலியும் சென்னையில் பிறந்ததே. ஐ.ஐ.டி. மாணவராக இருந்த அஜித் நாராயணனின் இன்வென்ஷன் லேப்ஸ் நிறுவனம் அதைச் செய்தது. கோட்டூர்புரத்தில் மூளை முடக்குவாதக் குழந்தைகளோடு 1985 முதல் பணியாற்றிவரும் ‘வித்யாசாகர்’ அமைப்போடு உட்கார்ந்து செய்தது. முதலில் தனிக் கருவி, பிறகு டேப்லெட் செயலி. கருவியின் உடல் மாறினாலும் எந்தப் படம் எந்தச் சொல்லுக்கு, எந்தச் சொல்லை முதல் பக்கத்தில் வைப்பது என்ற வகுப்பறை அறிவு அப்படியே கூட வந்தது.

இத்தனை இருந்தும் தேவைக்கும் கிடைப்பதற்கும் இடையிலான பள்ளம் பெரிது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி 250 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதாவதொரு உதவிக் கருவி தேவை; அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டிய மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். சட்டம் பேசுவதில் குறையில்லை. 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் நான்காம் பிரிவு உதவிக் கருவி ஆய்வை அரசின் கடமையாக்குகிறது, முடிவுகளில் மாற்றுத்திறனாளி அமைப்புகளைக் கலந்துகொள்ளச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆய்வைப் பற்றித் தனியே பேசுகிறது.

சிக்கல் கொள்முதலில் இருக்கிறது. நம் நாட்டில் இந்தக் கருவிகளைப் பெருமளவில் வாங்குவது அரசு. 1981இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டமும், 1972இல் கான்பூரில் நிறுவப்பட்ட அலிம்கோ பொதுத்துறை நிறுவனமும் அதன் முதுகெலும்பு. ஸ்மார்ட்கேனும் இந்த வழியாகப் பலர் கைக்குப் போயிருக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வாங்குபவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்றானதும் தரத்தின் அளவுகோல் மாறிவிடுகிறது. ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலை வெல்லும். ஆண்டறிக்கையில் ‘வழங்கப்பட்டவை’ எண்ணப்படும், ‘பயன்பாட்டில் இருப்பவை’ எண்ணப்படாது. சக்கர நாற்காலி வழங்குவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2008இல் எட்டுப் படிகள் வகுத்தது. அனுப்பிவைத்தல், மதிப்பிடுதல், பரிந்துரைத்தல், நிதி, கருவியைத் தயார்செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி, கடைசியாகப் பழுதுபார்ப்பும் தொடர்கவனிப்பும். மைதான முகாமில் இவற்றில் எத்தனை நடக்கின்றன? ஒரே அளவு நாற்காலியில் ஒல்லியான சிறுமியும் பருத்த முதியவரும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அளவு பொருந்தாத நாற்காலி முதுகை வளைக்கும், புண் உண்டாக்கும். அரைஸோ நியோஃப்ளையோ இந்தப் பந்தலில் விலையால் தோற்றுப்போகும். அங்கே ஜெயிக்கும் நாற்காலி ஓராண்டுக்குள் திண்ணைக்குப் போகும்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல முயற்சியைக் குறிப்பிட வேண்டும். 2022இல் சென்னைக் காமராசர் சாலையில், மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் வித்யாசாகரும் சேர்ந்து ஒரு ‘சாத்தியங்களின் அருங்காட்சியகம்’ அமைத்தன. உணவுத் தட்டிலிருந்து கணினி வரை உதவிக் கருவிகளை அங்கே தொட்டுப் பார்க்கலாம், உட்கார்ந்து பார்க்கலாம், நமக்கு எது ஒத்துவருகிறது என்று ஒப்பிடலாம். பிலிப்ஸும் சாவோவும் சுட்டிய முதல் காரணத்துக்கு நேரான மருந்து இது. ஆனால் இது சென்னையில் இருக்கிறது. நாற்காலி கேட்டு மனுப்போடுபவர் ஊத்தங்கரையிலோ முதுகுளத்தூரிலோ இருக்கிறார். மாவட்ட மறுவாழ்வு மையம் ஒவ்வொன்றிலும் இதன் சிறு வடிவம் வேண்டும்.

நான் பார்க்க விரும்பும் இன்னொரு மாற்றம் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்துக்குள் இருக்கிறது. கருவியின் விலையில் ஒரு பகுதியை, வழங்கிய நாளில் அல்லாமல் ஓராண்டு கழித்துத் தரலாம்; அதுவும் கருவி இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது, பழுதுபார்க்க ஆள் இருக்கிறார் என்று உள்ளூர் மாற்றுத்திறனாளி அமைப்பு சரிபார்த்த பிறகு. பயிற்சிக்கும் தொடர்கவனிப்புக்கும் தனித்தொகை ஒதுக்கி அந்த அமைப்புகளுக்கே கொடுக்கலாம். இப்போது அவர்கள் இதைப் பெரும்பாலும் கைக்காசு போட்டுத்தான் செய்கிறார்கள். ஆய்வு நிதி தருபவர்களும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: இந்தச் சிக்கலை யார் சொன்னார்கள், எப்போது? உள்ளூர் அமைப்பே சரிபார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அரசுப் பணத்தை எதிர்பார்த்து நிற்கும் அமைப்பு, கருவி பரணில் கிடக்கிறது என்று எழுதத் தயங்கும். அதனால் ஒரு மாவட்டத்தில் கருவியை விநியோகித்த அமைப்பே அங்கே கணக்கெடுக்கவும் கூடாது. பக்கத்து மாவட்டத்து அமைப்பு வந்து எடுக்கட்டும், முடிவைத் துறை தன் இணையதளத்தில் மாவட்டவாரியாக வெளியிடட்டும்.